நான் பாணனான ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மைத்துனருக்கு,

நலம். தாங்களும், வீட்டில் உள்ளோரும், தங்கள் முழங்கால் வலியைத் தவிர மற்ற யாவும் நலமாயிருக்க விழைகிறேன்.

"அக்கா, அத்தான் சாப்பாட்டு மேஜை பக்கத்துல நின்னு பூதத்தைத் திட்டினாராமே, டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று தாங்கள் தொலைபேசியில் கேட்டதாக அறிந்தேன். மூளை வைத்த இடத்தில்தான் இருக்கிறது. நடந்தது இது.

என் மகள் நிரந்தர வேலையை உதறிவிட்டு சைக்கிள் பழுதுபார்க்கும் கடை போட்ட நாளிலிருந்து, நான்கு மாதமாக எங்களுக்குள் நேர்ப் பேச்சு இல்லை. "அம்மா, அவரை டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லு", "அவளை லைட்டை அணைக்கச் சொல்லு" என்று எல்லாம் தங்கள் அக்கா வழியாகத்தான். ஞாயிறுதோறும் அவள் நண்பர்கள் எங்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்து, பகடை உருட்டிக் கதை விளையாடுவார்கள். கதையை நடத்துபவர் ஒரு பல் மருத்துவர். பேருந்து ஓட்டுநர் ஒருவர் மந்திரவாதி. என் மகள் வாள்வீராங்கனை. சென்ற ஞாயிறு, பாணனாக ஆடும் பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆள் குறைந்தால் ஆட்டம் நின்றுவிடும். "அம்மா, அவரைக் கேளு" என்றாள். அடுக்களை வழியாக அழைப்பு வந்தது. போனேன்.

பாணனின் மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பல் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மந்திரவாதிக்கு வித்தை ஏட்டில் இருக்கிறது. பாணனுக்குத் தொண்டையிலும் யாழிலும் இருக்கிறது. வாயைக் கட்டி, யாழையும் பிடுங்கிவிட்டால் அவன் என்னைப் போல் வெறும் ஆள். தாலாட்டினால் காவலாளி தூங்குவான். வசைபாடினால் எதிரிக்கு நிஜமாகவே காயம்படும். கவனம் சிதறாமல் பிடித்து நிறுத்த வேண்டிய மந்திரம் என்றால் ஒரு நேரத்துக்கு ஒன்றுதான் போட முடியும். நடுவில் அடி விழுந்தால் அறுந்தும் போகலாம். எல்லாவற்றிலும் பெரியது ஊக்கப் பாட்டு. தோழருக்கு நாலு நல்ல வார்த்தை பாடினால் அவருக்குக் கூடுதலாக ஒரு பகடை கிடைக்கும். அதில் விழுவதை அவர் தன் எண்ணோடு சேர்த்துக்கொள்ளலாம்.

மச்சான், வசை எனக்குக் கைவந்த கலை. முப்பத்திரண்டு வருடம் மின்விசிறித் தொழிற்சாலையில் தரப் பரிசோதகனாக இருந்தவன் அல்லவா? பாலத்தை மறித்த பூதத்தைப் பார்த்து, "ஆட்டம் ஜாஸ்தி, சத்தம் ஜாஸ்தி, காத்து மட்டும் வரல, திருப்பி அனுப்பு!" என்று ராகம் போட்டுப் பாடினேன். பூதம் நிலைகுலைந்தது. ஓட்டுநர் எழுந்து நின்று கைதட்டினார்.

ஆனால் மறுபடியும் அது எழுந்து என் மகளைப் பாலத்தின் விளிம்புக்குத் தள்ளியது. அவள் தன் இருபது முகப் பகடையை உருட்டினாள். பதினொன்று. தேவை பதினாலு. அவள் முகம் வாடியதைப் பார்த்ததும், "ஒரு நிமிஷம்! ஊக்கப் பாட்டு!" என்று கத்திவிட்டேன். பல் மருத்துவர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார், புத்தகத்தை மெல்ல மூடினார். "பாடுங்க, பாணரே" என்றார். என்ன மரியாதை பாருங்கள்!

எழுந்தேன். ராகம் வரவில்லை. குறை சொல்லியே பழகிய வாய்க்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில், "நீ வேலைய விட்டப்ப எனக்கு வந்தது கோபமில்லம்மா, பயம். உனக்கு இருக்கிற துணிச்சல் எனக்கு ஒருநாளும் இருந்ததில்ல. அடி!" என்றேன்.

கூடுதல் பகடையை உருட்டினாள். நாலு. பூதம் ஆற்றில் விழுந்தது. அவள் தலை நிமிராமல், "அப்பா, தண்ணி வேணுமா?" என்றாள். நேராக, என்னிடம்.

ஆகவே மச்சான், இந்த ஆட்டத்தில் பாணனின் பாட்டு விதிப்படி பலித்தே தீரும் என்பது நான் கண்ணால் கண்டது.

தங்கள் பிள்ளைகள் சீரும் சிறப்புமாக வளரட்டும். தங்கள் முழங்கால் மாடிப்படியை மன்னிக்கட்டும்.

அன்புடன்,
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: மாமா, தபாலில் போடச் சொல்லி அப்பா தந்த உறை ஒட்டாமல் இருந்தது, படித்துவிட்டேன். ஊக்கப் பாட்டைப் பகடை உருட்டுவதற்கு முன்பே பாடியிருக்க வேண்டும். உருட்டிய பிறகு பாடினால் செல்லாது. அது மேஜையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், அவரைத் தவிர. தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். தரப் பரிசோதகர், திருப்பி அனுப்பிவிடுவார்.