பிரசிடெண்டின் கனைப்பு

வன்னியபெருமாள் இன்றைக்கும் வருத்தப்படுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். தன் வீட்டுக்காரி கோமதியம்மாளைக் கமிட்டி மெம்பர் ஆக்கியது. அதை வேறு யாரும் செய்யவில்லை. பஞ்சாயத்து பிரசிடெண்டு என்கிற ஹோதாவில் அவரே, தன் கையால், பச்சை மையில் கையெழுத்துப் போட்டுச் செய்தார். பஞ்சாயத்து பிரசிடெண்டுக்குப் பச்சை மை கிடையாது என்று அவரிடம் சொல்ல ஊரில் ஆள் இல்லை.

ஊர் வாகைக்கோட்டை. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, பருத்திக் காட்டுக்குள் ஒரு மைல் நடக்க வேண்டும். எந்தப் பாளையக்காரரோ கட்டிய மண்கோட்டை. கோட்டை எப்போதோ போய்விட்டது. மேற்குச் சுவர் மட்டும் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதன் மடியில் கோட்டைத் தெரு, முப்பத்திரண்டு வீடு.

வீடு கட்ட வேண்டும் என்றால் எல்லோருக்கும் கோட்டைத் தெருவில்தான் கட்ட வேண்டும். வெளியே போனால் கரிசல். கரிசலில் கட்டின வீட்டுக்குச் சித்திரையில் சுவர் வெடித்து அடுத்த வீட்டுச் சமையல் தெரியும். ஐப்பசியில் மண் உப்பி, சாத்தின கதவைத் திறக்க நாலு பேர் வேண்டும். கோட்டை மேட்டில் அந்தப் பாடு கிடையாது. செம்மண்ணைக் கொட்டி யானையை விட்டு மிதித்த மேடு என்பார்கள்.

அறுபத்திரண்டாம் வருஷம் சென்னையிலிருந்து ஆள் வந்து சுவரை அளந்தார்கள். பின்னாலேயே ஒரு நீலப் பலகை வந்தது. பலகைக்குப் பின்னாலேயே ஒரு கடிதம். கோட்டைத் தெரு இனிமேல் பாதுகாக்கப்பட்ட இடம். புதுசாக யார் வீடு கட்டினாலும் மூன்று பேர் கமிட்டி கூடி அனுமதி கொடுக்க வேண்டும். பிரசிடெண்டு ஒருவர், படித்தவர் ஒருவர், பெண் உறுப்பினர் ஒருவர். இரண்டு கை தூக்கினால் அனுமதி. மனுக் கொடுத்தவர் கமிட்டிக்காரராகவே இருந்தாலும் அன்றைக்குக் கூட்டம் முடிகிறவரை வெளியே நிற்க வேண்டும்.

படித்தவருக்கு அழகிரிசாமி வாத்தியார் இருந்தார். பெண் உறுப்பினருக்கு வன்னியபெருமாள் அதிக தூரம் போகவில்லை. அடுப்படி வரை போனார்.

"ஏட்டி, உன்னைக் கமிட்டி மெம்பர் ஆக்கப் போறேன்."

"எனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேண்டாம். தெரியாத ஆளுதான் வேணும்."

"அப்ப நீங்களே ரெண்டு இடத்திலயும் இருக்கலாமே."

"கிண்டல் பண்ணாத. கையைத் தூக்கணும், அவ்வளவுதான் சோலி."

"எப்பத் தூக்க?"

"நான் கனைப்பேன். க்ஹும். இப்படி. கனைச்சாத் தூக்கு. கனைக்கலைன்னா கை மடியில இருக்கட்டும்."

"க்ஹும்னா சரி. சும்மா இருந்தா சரியில்ல."

"அதேதான்."

"நெசமாவே உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்தா?"

"அதுக்கும் தூக்கு."

கோமதியம்மாள் உளுந்து களைந்த கையை ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள். கை நன்றாகத்தான் தூக்கியது.

வன்னியபெருமாளுக்கு ஒரு ஆசை இருந்தது. மாடி வைத்த மச்சு வீடு. கோட்டைத் தெருவில் முதல் மச்சு தன்னுடையதாக இருக்க வேண்டும். அதில் நின்று மேற்கே பார்த்தால் சுவருக்கு மேலாகக் கழுகுமலைக் குன்று தெரிய வேண்டும். அதற்காக ஆறு வருஷத்துக்கு முன்பே தேக்கு உத்திரம் நாலு வாங்கி முற்றத்தில் போட்டிருந்தார். ஆறு வருஷமாக அதன் அடியில் கோழி முட்டையிட்டது. மேலே கோமதியம்மாள் வடகம் காயவைத்தாள்.

"மச்சு கட்டினா இந்த வடகத்தை அங்கன காயப்போடலாம்ட்டி."

"இப்பவும் காயத்தான் செய்யுது. மச்சுக்கு யாரு தண்ணி சுமக்கது? நீங்களா?"

அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவருக்கு வெளியே ஜோலி வந்துவிடும்.

முதல் மனு வந்தது. செய்யது அலி கொடுத்தது. செய்யது அலிக்கு ஜவுளி வியாபாரம். வன்னியபெருமாளுக்கு மேற்கே ஒட்டின மேலண்டை வீடு. இருபது வருஷமாகச் சாயங்காலம் ஆனால் டீச் செம்போடு வருவார். ஒரு கிளாஸ் இவருக்கு, ஒரு கிளாஸ் அவருக்கு, மிச்சம் கோமதியம்மாளுக்கு. அவர் மகள் ஷம்சாத்துக்குக் காயல்பட்டினத்தில் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மாப்பிள்ளைக்கு அறை வேண்டும். கீழே இருப்பது இரண்டு அறை. அதனால் மேலே ஒரு மச்சு அறை போட அனுமதி கேட்டிருந்தார்.

மச்சு என்கிற எழுத்தை வன்னியபெருமாள் இரண்டு தரம் படித்தார். முதல் மச்சு போச்சு. மேலண்டையில் அறை எழும்பினால் கழுகுமலையும் போச்சு.

கூட்டத்தில் எழுந்து நின்றார். மேல்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கோட்டைச் சுவருங்கது நம்ம முன்னோரோட நெஞ்சு. அதைவிட ஒரு செங்கல் ஒசந்தாலும் நெஞ்சுமேல ஏறி நிக்க மாதிரி. இந்தத் தெருவுக்கு ஒரு அடக்கம் உண்டு. இன்னைக்கு ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு ஊரே ஆகாசத்துல தொங்கும்."

அழகிரிசாமி வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல தமிழைக் கேட்டால் அவருக்கு அப்படி. வார்த்தை தவறாமல் மினிட் புத்தகத்தில் ஏற்றி, அதையே தீர்மானமாக்கி விட்டார்.

"அனுமதி வேணுங்கிறவுக கை தூக்கலாம்," என்றார்.

வன்னியபெருமாள் கனைக்கவில்லை. கோமதியம்மாள் அவர் தொண்டையைப் பார்த்தாள். தொண்டை அசையவில்லை. கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

வெளியே நின்றிருந்த செய்யது அலி தீர்மானத்தைக் கேட்டார். "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும் அண்ணாச்சி," என்று மட்டும் சொல்லி, மனுவை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்றைக்குச் சாயங்காலம் டீச் செம்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வன்னியபெருமாள் உத்திரத்தின் மேல் உட்கார்ந்து மேலண்டைக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கடையில ஜோலியா இருக்கும்," என்றார்.

"இருக்கும். நெஞ்சுமேல யாரோ ஏறி நிக்காங்களாம். இறக்கிவிட்டுட்டு வருவாரு," என்றாள் கோமதியம்மாள்.

அதற்கு மேல் அவள் பேசவில்லை. பேசியிருந்தால் அவர் உஷாராகியிருப்பார். இதுவும் இன்றைக்கு வருத்தப்படுகிற விஷயம்.

ஒரு மாதம் கழித்து வன்னியபெருமாள் தன் மனுவைக் கொடுத்தார். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"போன மாசத் தீர்மானம் இருக்கே பிரசிடெண்டு."

"போட்டது நாம. மாத்தறதும் நாம. பள்ளிக்கூடத்துல பெஞ்சு கால் ஆடுதுன்னீங்களே."

"மூணு பெஞ்சு ஆடுது."

"நாலாவே மாத்திருவோம்."

வாத்தியார் கை தயார். இன்னொரு கை வீட்டிலேயே இருக்கிறது. காலையில் பழைய சோறு சாப்பிடும்போது ஞாபகப்படுத்தினார்.

"இன்னைக்கு நான் வெளிய நிப்பேன். சன்னல் பக்கம். கனைப்பு கேக்கும். கேட்டதும் தூக்கு."

"சத்தமாக் கனைங்க. வாத்தியாரய்யா படிக்க ஆரம்பிச்சா வேற எதுவும் காதுல விழுகாது."

எவ்வளவு அக்கறை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பஞ்சாயத்து ஆபீஸ் ஒரு அறை, ஒரு சன்னல். சன்னலுக்கு வெளியே வேம்பு. வன்னியபெருமாள் வேம்படியில் நின்றார். உள்ளே வாத்தியார் குரல் ஆட்டுரல் மாதிரி சுற்ற ஆரம்பித்தது. என்ன படிக்கிறார் என்று பிரியவில்லை. விண்ணப்பம், அறை, அனுமதி என்று மட்டும் தெறித்து விழுந்தது. ஆட்டுரல் நின்றது. இதுதான் சமயம்.

"க்ஹும்."

உள்ளே சத்தமில்லை. கேட்கவில்லையோ.

"க்ஹும். க்ஹும்."

அப்புறம் ஒன்று, அடிவயிற்றிலிருந்து. வேம்பில் இருந்த காக்கை பறந்தது. சன்னல் வழியாகக் கோமதியம்மாளின் கை மேலே போவது தெரிந்தது. கண்ணாடி வளையல் குலுங்கி முழங்கைக்கு இறங்கியது. இருபத்தாறு வருஷ சம்சாரத்தில் அந்தக் கை அவ்வளவு அழகாக அவருக்குத் தெரிந்ததில்லை.

ஆபீஸ் பெருக்குகிற வெயிலம்மாள் வெளியே வந்தாள். கையில் பனங்கற்கண்டு, எலுமிச்சங்காய் அளவுக்கு.

"மெம்பரம்மா குடுத்து விட்டாவ. தொண்டை புண்ணாப் போயிருக்குமாம். வாயில போட்டுக்கிடணுமாம்."

காரியம் முடிந்த சந்தோஷம். முழுசாகப் போட்டுக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பின. நாக்குக்கு இடமில்லை.

அப்போது ஆட்டுரல் மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது.

வன்னியபெருமாளுக்குச் சந்தேகம் தட்டியது. முடிந்தது என்றால் எதற்கு இன்னொரு தடவை? கனைத்து வைப்போம் என்று பார்த்தார். "ம்ம்ழ்," என்றது. கற்கண்டைத் துப்ப மனசு வரவில்லை. கடிக்கப் பார்த்தார். பல்தான் அசைந்தது. உள்ளே ஆட்டுரல் நின்றது. அமைதி. நல்ல நீள அமைதி.

"பிரசிடெண்டு உள்ளே வரலாம்," என்றார் வாத்தியார். மினிட் புத்தகத்தை எடுத்து வாசித்தார்.

"ஒன்று. செய்யது அலி அவர்கள், மச்சை விட்டுவிட்டு, தம் வீட்டுப் புறவாசலில் கோட்டைச் சுவரைவிட இரண்டடி தாழ்வாக, தரையிலேயே இரண்டு அறை கட்டிக்கொள்ளக் கொடுத்த புது மனு. மெம்பர் கோமதியம்மாள் மூலம் வரப்பெற்றது. ஏகமனதாக அனுமதிக்கப்பட்டது. பிரசிடெண்டு வெளியில் நின்றபடியே நான்கு முறை கனைத்துத் தம் பூரண சம்மதத்தைத் தெரிவித்தார்."

வன்னியபெருமாள் கற்கண்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார்.

"இரண்டு. பிரசிடெண்டு அவர்களின் மச்சு மனு. சுவர் நம் முன்னோரின் நெஞ்சு என்பதை மெம்பர் கோமதியம்மாள் பிரசிடெண்டு குரலிலேயே எடுத்துரைத்தார். நிராகரிக்கப்பட்டது. விண்ணப்பதாரர் வெளியில் மௌனமாக இருந்து தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டார்."

"கழப்பு..." என்றார் வன்னியபெருமாள், கனைப்பு என்று சொல்ல வாயெடுத்து.

"கனைச்சாச் சரின்னு இவியதான் சொல்லித் தந்தாக வாத்தியாரய்யா," என்றாள் கோமதியம்மாள். "மொத மனுவுக்குக் கனைச்சாக. தூக்குனேன். ரெண்டாவதுக்குக் கனைக்கல. நான் என்ன செய்ய?"

அவருக்குப் புரிந்தது. என் மனுவுக்கு நானே வெளியில் நின்று கனைத்தேன் என்று சொன்னால் பிரசிடெண்டு பதவியே போய்விடும். சொல்லாவிட்டால் மச்சுதான் போகும். கற்கண்டு கரையக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் வாத்தியார் கையெழுத்தை வாங்கிவிட்டார். பச்சை மையில்.

வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டார்.

"மனு எழுதினது யாரு?"

"ஷம்சாத். அதுதானே எனக்குக் கையெழுத்துப் போடச் சொல்லித் தந்தது. கிணத்தடியில, ஈர மண்ணுல விரலால."

"முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்லா?"

"சொன்னா உங்களுக்கு வெளிய ஜோலி வந்திருமே."

சாயங்காலம் மேலண்டைக் கதவு திறந்தது. செய்யது அலி டீச் செம்போடு வந்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டு வன்னியபெருமாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, தப்பா நெனச்சுட்டேன். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மச்சைத் தடுத்தீங்க. இன்னைக்கு எம் பிள்ளைக்காக வெயில்ல நின்னு தொண்டை கிழியக் கனைச்சீங்களாமே. வாத்தியார் சொன்னாரு. உங்க மச்சையும் விட்டுக் குடுத்துட்டீங்களாம்."

வன்னியபெருமாளுக்கு அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. ஒரு மாதமாகக் குடிக்காத டீ. செய்யாத நல்ல காரியத்துக்கு நன்றி கேட்டுக்கொண்டு குடிக்க வேண்டியிருந்தது. முதல் மனு வந்த அன்றைக்கே, மச்சு வேண்டாம், கீழே கட்டு தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்த டீ இனித்திருக்கும்.

"மர வேலை எப்ப ஆரம்பிக்கீங்க தம்பி?" என்று கேட்டாள் கோமதியம்மாள்.

"உத்திரத்துக்குத்தான் அலையுதேன் மைனி. கோவில்பட்டியில நல்ல மரமே இல்லை."

"இந்தா கெடக்குல்லா நாலு. ஷம்சாத் கல்யாணத்துக்கு இவிய சீரு."

வன்னியபெருமாளுக்கு டீ புரைக்கேறியது. க்ஹும், க்ஹும் என்று கண்ணில் நீர் வர இருமினார்.

"பாருங்க," என்றாள் கோமதியம்மாள். "கனைச்சுட்டாக."

மறுநாள் காலையில் உத்திரம் நாலும் மேலண்டை வீட்டுக்குப் போயின. கோழி ஒன்று வெறும் தரையைச் சுற்றிச் சுற்றி வந்தது. வன்னியபெருமாள் அதன் பக்கத்தில் நின்றார். இங்கிருந்து மேற்கே சுவர்தான் தெரிந்தது.

"மச்சுல நின்னு ஒரே ஒரு தடவை மலையைப் பாக்கணும்னு இருந்தேன்ட்டி."

கோமதியம்மாள் சுக்குக் கஷாயத்தை ஆற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"இந்த இருமலுக்கு மச்சுக் காத்து ஆகாது. குடிங்க."