எடுக்க வந்தவர்

கூரை ஒழுகும் இடத்தில் வைத்திருந்த வாளியைப் படமெடுக்கப் புகைப்படக்காரன் குனிந்தான். வீட்டுக்காரி அதைச் சட்டென்று கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

“அக்கா, அது அங்கேயே இருக்கட்டும்.”

“எதுக்குத் தம்பி? எப்பவாவதுதான் ஒழுகும்.”

சொல்லி வாய் மூடவில்லை, கேமரா மேலேயே ஒரு சொட்டு விழுந்தது.

தொழிற்சாலை மூடிய பிறகு இந்தத் தெரு எப்படிப் பிழைக்கிறது என்று படம் பிடித்துவரச் சொல்லியிருந்தார் பத்திரிகை ஆசிரியர். இன்றைக்கும் வெறுங்கையோடு வந்தால் நாளையிலிருந்து வரவே வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். போன வீடெல்லாம் கதவைச் சாத்தின. இங்கேதான், “உங்க வீட்டை எடுக்கலாம்னு வந்தேன்” என்றதுமே வாயெல்லாம் பல்லாக உள்ளே கூப்பிட்டாள். கூப்பிட்டு என்ன பயன், ஒரு படம் எடுக்க விடவில்லை.

காரை பெயர்ந்த சுவர்ப்பக்கம் திரும்பினான். அதற்குள் அங்கே ஒரு புதுப் போர்வை தொங்கியது.

“போட்டோ வீட்ல காட்டவா தம்பி?”

“ஊருக்கே காட்டப்போறேன்க்கா.”

“ஊருக்கெல்லாம் வேணாம். கண்ணு பட்டுடும்.”

இந்த வீட்டுக்கா! அவனுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. போர்வை வேறு தடுத்தது.

“அக்கா, எந்த ஜோடனையும் வேணாம். இருக்கிறபடியே எடுத்துக்கிறேன்.”

“நெசமாவா? ஒழுகுறது, காரை விழுறது எல்லாம் பரவாயில்லையா?”

“அதுக்காகத்தான் இந்த வீட்டுக்கே வந்தேன்.”

“தங்கமான மனசு தம்பி உங்களுக்கு” என்றவள், வந்த சந்தோஷத்தில் ஒட்டடைக் கம்பை எடுத்துவிட்டாள். தூசியில் தும்மித் தும்மி அவனுக்குக் கண்ணெல்லாம் நீர். வாசலுக்கு ஓடி, லென்ஸைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

அறை துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. பாய், பானை, கிழிந்த தலையணை, கொடியில் கிடந்த துணி ஒன்றுமில்லை. படமெடுக்க மிச்சம் நாலு சுவர்தான்.

“சாமான் எல்லாம் எங்கேக்கா?” அழாக்குறையாகக் கேட்டான். “என் பொழப்பே இதுலதான் இருக்கு.”

“எங்க பொழப்பும்தான் தம்பி” என்றாள் அவள், புரியாமல்.

பின்னறையிலிருந்து புருஷன் மூச்சு வாங்க வந்தான்.

“நாங்க எல்லாரும் பின்னாடி ஒடுங்கிக்கிட்டோம் தம்பி. இந்த ரூம் உங்களுக்குத்தான். எப்போ குடி வர்றீங்க?”