குளவியும் ஒரு வாய்ப்புதான்

பயிற்சிக்குப் போய்த் திரும்பிய தலைவர் என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். போகும்போது நம்மைப் போலச் சாதாரண மனிதராக, பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை பிடித்துக்கொண்டு போவார். வரும்போது சட்டைப்பையில் ஒரு பேட்ஜ், கக்கத்தில் ஒரு ஃபைல், முகத்தில் உலகத்தையே மன்னித்துவிட்ட மாதிரி ஒரு புன்னகை. அந்தப் புன்னகையைக் கண்டால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். அது கடிக்காது. கைதட்டச் சொல்லும்.

வங்கியில் இந்த இனம் உண்டு, பாடசாலையில் உண்டு, கோயில் கமிட்டியில்கூட ஒன்றிரண்டு தேறும். பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர் பெயர் பத்திநாதன்.

பத்திநாதன் போன மாதம்வரை கங்காணி. காலையில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஆளுக்கொரு செடிவரிசையாக நிரை பிரித்துக் கொடுப்பதும், யாராவது முற்றின இலையைக் கூடையில் போட்டால் மலையின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்குக் கேட்கிற மாதிரி ஏசுவதும் அவருடைய வேலை. அப்போது அவரோடு பழகுவது எவ்வளவு சுலபம் தெரியுமா? அவர் ஏசுவார், கொழுந்து பறிக்கிற யூஜினா திருப்பி ஏசுவாள், அம்மாக்கண்ணு இரண்டு பேரையும் சேர்த்து ஏசுவாள், அதற்குப் பிறகு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பார்கள். ஒருவருக்கும் மனதில் ஒன்றும் மிஞ்சாது.

கம்பெனிக்கு இது பிடிக்கவில்லை. கங்காணிமார் எல்லாரையும் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஏசி அறையில் உட்காரவைத்து, (குளிரில் நடுங்கும் நுவரெலியாவில் ஏசி எதற்கு என்று கேட்காதீர்கள், அதுவும் பயிற்சிதான்) டீம் லீடர்களாக மாற்றி அனுப்பிவிட்டார்கள். பத்திநாதனின் டீமுக்கு ‘சிகரம்’ என்று பெயர்.

அடுத்த நாள், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடும் காலைப் பெரட்டில், மூடுபனி இன்னும் விலகாத நேரத்தில், பெண்களை அவர் வட்டமாக நிற்கச் சொன்னார்.

“வட்டத்துல உயர்வு தாழ்வு கிடையாது. எல்லாரும் சமம்,” என்றார். சொல்லும்போது அவர் நின்றது ஒரு கல்லின் மேல்.

பிறகு அவர் “சிகரம்” என்று கத்த வேண்டும், பெண்கள் “தொடுவோம்” என்று கத்திவிட்டுக் கைதட்ட வேண்டும். தலையில் கூடைக்கயிறு, இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குத் துணி, ஒரு கையில் தேத்தண்ணி போத்தல், இன்னொரு கையில் ரொட்டிப் பொட்டலம். எந்தக் கையால் தட்டுவது? அம்மாக்கண்ணு போத்தலையும் பொட்டலத்தையும் ஒன்றோடொன்று தட்டினாள். அதையும் அவர் பாராட்டினார்.

ஆம், பாராட்டு. இந்த இனத்தின் பெரிய ஆயுதம் அதுதான். ஏச்சுக்குப் பதில் ஏச்சு இருக்கிறது. பாராட்டுகிறவனை நீங்கள் என்ன செய்ய முடியும்? மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு நிற்பவளிடம் “உங்க ஈடுபாடு ரொம்ப அருமை” என்று சொல்லிவிட்டு அவர் குடையோடு போய்விடுவார். “எல்லாரும் மனசு தொறந்து பேசுங்க” என்பார். யாராவது வாயைத் திறந்த கணமே போனை எடுத்துப் பார்ப்பார். டீமுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினார். எல்லாரும் கலந்து பேசுவதற்காகத்தான். அதில் எழுத அவர் ஒருவருக்கு மட்டும்தான் அனுமதி.

இவற்றோடு நின்றிருந்தால் பெண்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அவர் சட்டம் ஒன்றும் கொண்டுவந்தார்.

“இனிமே நம்ம டீம்ல பிரச்சினைங்கற வார்த்தையே இருக்கக்கூடாது. அது நெகட்டிவ். சவால்னு சொல்லணும்.” கொஞ்சம் யோசித்தார். “சவாலும் வேணாம். வாய்ப்புன்னு சொல்லுங்க.”

“மழை பேஞ்சா, லீடரண்ணே?” என்று கேட்டாள் யூஜினா.

“வாய்ப்பு.”

“அட்டை கடிச்சா?”

“அதுவும் ஒரு வாய்ப்புதாம்மா.”

“யாருக்குங்க? அட்டைக்கா?”

பத்திநாதன் புன்னகைத்தார். பழைய பத்திநாதனாக இருந்தால் யூஜினாவின் ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பார். இவர் “உங்க நகைச்சுவை உணர்வு நம்ம டீமுக்குப் பெரிய பலம்” என்றார். 

சிரிக்காமல் நின்றவள் ஜீவராணி ஒருத்திதான். அவள் அதிகம் பேசாதவள் என்று மலையில் பெயர். கண்தான் எல்லாவற்றையும் மேய்ந்துகொண்டிருக்கும். அந்தக் கண் சில நாட்களாக மேல்மலையில் நிற்கும் ஒரு வாகை மரத்தைவிட்டு நகரவில்லை. மரத்தின் தாழ்ந்த கிளையில், பத்துப் பேருக்குச் சோறு வடிக்கிற பானை அளவில், ஒரு குளவிக்கூடு தொங்கியது.

குளவி என்றால் மலையில் எல்லாருக்கும் பயம்தான். ஜீவராணிக்குப் பயம் மட்டும் இல்லை. போன வருடம் கீழ்மலையில் குளவி கலைந்தபோது அவளைப் படங்கில் சுற்றித் தூக்கிக்கொண்டுதான் ரோட்டுக்கு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் அவள் முகம் வீங்கிக் கிடந்த கோலத்தில் அவளுடைய மகளே அடையாளம் தெரியாமல் அழுதுகொண்டு வெளியே ஓடிவிட்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். நர்ஸ் அதைத் தமிழில் சொன்னாள்: “அடுத்த தடவ கொட்டினா மூச்சு அடைச்சிரும். இங்க கொண்டுவந்து சேர்க்க நேரம் இருக்காதும்மா.”

நிரைகள் வரிசைப்படிதான் வரும். இன்றைக்கு முடித்த இடத்துக்கு அடுத்த நிரையில் நாளைக்கு நிற்க வேண்டும். ஜீவராணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். வாகை மரத்தின் அடி அவளுடைய பங்காகத்தான் வரப்போகிறது. வேலைக்கு வராமல் வீட்டில் இருந்துவிடலாம். அப்படி இருந்தால் அந்த நிரையைப் பக்கத்து நிரைக்காரி சேர்த்து எடுக்க வேண்டும். பக்கத்து நிரைக்காரி யூஜினா. அவளைக் குளவிக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்திருக்க ஜீவராணியால் முடியுமா? நிரையையே விட்டுவிடச் சொல்லும் உரிமை பத்திநாதனுக்கு மட்டும்தான் இருந்தது. அவரோ, சிகரம் டீம் ஒரு நிரையைக்கூட விடாது என்று கம்பெனியிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

ஆகவே ஒரு நாள் காலை வட்டத்தில், ஜீவராணி வாயைத் திறந்தாள்.

“ஐயா, மேல்மலையில ஒரு பிரச்...”

பத்திநாதன் ஒரு விரலை உயர்த்தினார். “நல்லவிதமா சொல்லும்மா. யோசிச்சு சொல்லு.”

ஜீவராணி யோசித்தாள். குளவிக்கு நல்ல வார்த்தை என்ன இருக்கிறது? வட்டம் முழுக்க அவளையே பார்த்தது. காது சூடாகியது.

“அந்த வாகை மரத்துல... குளவிங்க நல்லா இருக்குதுங்க,” என்றாள்.

“அருமை. கைதட்டுங்க.”

தட்டினார்கள். யூஜினாவுக்குப் பொறுக்கவில்லை. “ரொம்ப நல்லா இருக்குதுங்க, லீடரண்ணே. ஒத்துமையா, ஒரே டீமா, பெரிய வீடா கட்டியிருக்குதுங்க. நம்மளயெல்லாம் வந்து பாக்கணும்னு ஆசப்படுதுங்க.”

“இயற்கைகிட்ட இருந்து நாம கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு,” என்றார் பத்திநாதன். மறுபடியும் கைதட்டல்.

அவருக்கு விளங்கவில்லை என்று நினைக்கிறீர்களா? ஜீவராணியும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அவள் அவருடைய கால்களைப் பார்த்தாள். மேல்மலைக்கு எப்போதும் வாகை மரத்தடிக் குறுக்குப் பாதையில் ஏறுகிறவர், அன்றைக்குப் பெரிய ரோட்டால் சுற்றிப்போனார். மறுநாளும் சுற்றினார். மரம் கண்ணில் படும் இடம் வந்ததும் ஜாக்கெட்டின் காலரைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். கண் பார்த்திருக்கிறது. கால் நம்பியிருக்கிறது. வாய்தான் பயிற்சி எடுத்திருக்கிறது.

“நாம எல்லாரும் ஏறமாட்டோம்னு நின்னுட்டா என்ன?” என்று யூஜினா தேத்தண்ணி நேரத்தில் கேட்டாள்.

“ஏசினான்னா எதிர்த்துக்கிட்டு நிக்கலாம்,” என்றாள் அம்மாக்கண்ணு. “இவன் சிரிக்கிறானேடி. சிரிக்கிறவன எப்புடி எதிர்க்கிறது?”

அந்த நாள் வந்தது. வரும்போது தனியாக வரவில்லை. தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்துரையையும் கூட்டிக்கொண்டு வந்தது. சிறந்த டீமைப் படம் பிடித்துக் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமாம். சின்னத்துரை இளம் பையன், தோட்டத்துக்கு வந்து கொஞ்ச நாள்தான். நல்ல பின்னணியாக ஒரு மரம் இருந்தால் படம் அழகாக இருக்கும் என்று அவரே வாகை மரத்தைக் காட்டினார். பத்திநாதன் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, “சரியான தெரிவு, சார்” என்றார். பிறகு நிரை பிரித்தார்.

“ஜீவராணி, இது உன் நிரை. மேல ஏறும்மா. சிரிச்ச முகமா ஏறு.”

ஜீவராணி நிரையின் வாயில் நின்றாள். மேலே கிளை. கிளையில் பானை. பானையைச் சுற்றி ஒரு மெல்லிய இரைச்சல். இறங்கி வீட்டுக்குப் போகலாம் என்று கால் சொன்னது. திரும்பிப் பார்த்தாள். பக்கத்து நிரையில் யூஜினா, இவள் போனால் இரண்டையும் எடுக்க ஆயத்தமாக, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஜீவராணி தலையிலிருந்து கூடைக்கயிற்றைக் கழற்றினாள். கூடையைப் பத்திநாதனிடம் நீட்டினாள்.

“ஐயா, இந்த நிரையில நீங்க முன்னுக்கு எடுத்துக்கிட்டுப் போங்க. நான் பின்னுக்கு வந்து பாத்துப் படிச்சிக்கிறேன். படத்துக்கும் லீடர் முன்னுக்கு நின்னாத்தானே நல்லாயிருக்கும்.”

இதில் நெகட்டிவ்வாக ஒரு சொல்லாவது இருக்கிறதா? பத்திநாதன் தேடிப் பார்த்தார். இல்லை.

“ரொம்ப நல்ல ஐடியா,” என்று சின்னத்துரை போனைத் தூக்கினார்.

கூடை சுமந்து எத்தனையோ காலமான தலையில் பத்திநாதன் கயிற்றை மாட்டிக்கொண்டார். ஒரு செடியில் கிள்ளினார். அடுத்த செடிக்குப் போனார். மூன்றாவது செடிக்கு அவருடைய கால் வரவில்லை. இரைச்சல் இப்போது நன்றாகக் கேட்டது. புன்னகை மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே நின்றது.

“ஏன் நிக்கிறீங்க, பத்திநாதன்?”

“சார், இந்த மரத்துல ஒரு... ஒரு வாய்ப்பு இருக்குது, சார்.”

“என்ன வாய்ப்பு?”

“பெரிய வாய்ப்பு, சார். சோத்துப்பானை சைஸ்.”

சின்னத்துரைக்கு விளங்கவில்லை. பார்ப்பதற்காக இரண்டடி முன்னால் வந்தார். அவருடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து நிறுத்தியவள் ஜீவராணி. வேறு நேரமாக இருந்தால் ஒரு துரையின் சட்டையைத் தொட அவள் செத்தாலும் துணியமாட்டாள்.

“குளவி, சார்,” என்றாள், தாழ்ந்த குரலில். “பிரச்சினை, சார். பெரிய பிரச்சினை. எனக்குக் கொட்டினா செத்துப்போயிருவேன். சத்தம் போடாம எல்லாரும் எறங்கணும்.”

எல்லாரும் சத்தம் போடாமல் இறங்கினார்கள். முதலில் இறங்கி ரோட்டுக்குச் சேர்ந்தவர் யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கூடையைக்கூட அவர் தலையிலிருந்து கழற்றவில்லை.

அந்த நிரை அன்றைக்கு விடப்பட்டது. மரத்துக்குப் பக்கத்து நிரைகளும் விடப்பட்டன. இருட்டின பிறகு ஆண்கள் பந்தத்தோடு போய்க் கூட்டை எரித்தார்கள். ஜீவராணி பொழுதோடு வீட்டுக்குப் போய், தன் சொந்த முகத்தோடு மகளுக்கு எதிரே உட்கார்ந்து சோறு ஊட்டினாள்.

பத்திநாதன் திருந்தியிருப்பார் என்று எதிர்பார்க்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் படிக்கவில்லை. அன்றைக்கு இரவே வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது: ‘மேல்மலையில் இருந்த பாதுகாப்பு வாய்ப்பை முன்கூட்டியே இனங்கண்டு, தலைமை தாங்கி, வெற்றிகரமாக முடித்துவைத்தோம்.’ கீழே கைதட்டும் படங்கள். எல்லாம் அவரே போட்டவை.

இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர், உங்கள் மேலதிகாரியோ, பிரின்ஸிபலோ, சங்கத் தலைவரோ, கண்முன் வந்து நின்றிருப்பார். நன்றாகச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். வேலை இடத்திலோ வீட்டிலோ, உங்கள் முகத்துக்கு நேரே ஒருவர் ஒரு கெட்ட செய்தியைச் சொல்லி எத்தனை நாளாகிறது? ரொம்ப நாளாகிவிட்டதா? யாரைக் கேட்டாலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்களா? உங்களைக் கண்டதும் பேச்சை மாற்றிக்கொண்டு முகம் மலர்கிறார்களா?

சந்தோஷம். அப்படியே, இருக்கிற இடத்திலிருந்து அசையாமல், மெதுவாக ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.