கோல்கீப்பர் வேண்டாம் என்ற கார்னெட்

இந்த வருஷம் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று கார்னெட் ஃப்ரீஸன் முடிவு செய்தார். யார் என்றால், பெண்டாட்டி இர்மா.

கனடாவில், மனிடோபாவின் அந்தச் சிற்றூர் ஐஸ் ஹாக்கி அணி ஊர்க் கமிட்டியின் சொத்து. கார்னெட் மேனேஜர். அந்த நாற்காலியை எடுத்துவிட்டால் ஊரில் அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். வசந்தத்தில் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"கோல்கீப்பரை எடு, கார்னெட். போன சீசன்ல நம்ம வலை இருந்தும் இல்லாத மாதிரிதான்," என்றாள் இர்மா, உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே. அணியின் வெளியூர்ப் பையன்கள் மூன்று பேருக்கு அவள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை.

"தேவையாவது, மண்ணாவது! இருக்கிறதுல கெட்டிக்காரனைத் தூக்கணும். வாசிலிக் பையன் பனியில பறக்கிறான்."

"அவன் ஃபார்வர்டு, கோல் அடிக்கிறவன். நம்மகிட்ட ஃபார்வர்டுக்கு உக்கார பெஞ்சுல இடமில்ல."

"உனக்கு ஹாக்கி தெரியாது."

"ஆமா. விறைச்சுப்போய் ஆட்டம் பார்க்கிறது நான். கேன்டீன்ல வறுவல் தின்னுட்டு ஸ்கோர் கேட்கிறது நீ."

மறுநாள் அவளே இறங்கி வந்தாள். "சரி, உன் இஷ்டம். கமிட்டியில பேசுறதையாவது நான் எழுதித் தரேன்."

கார்னெட்டுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூட்டத்தில் அதை வரிக்கு வரி முழங்கினார்.

"தேவையைப் பார்க்காதீர்கள்! கிடைப்பதில் சிறந்ததை எடுங்கள்! தண்ணீர் பாட்டில் தூக்குபவர் முதல் மேனேஜர் நாற்காலி வரை இதே விதிதான்!"

கைதட்டலில் ஜன்னல் அதிர்ந்தது. கமிட்டித் தலைவர் ஆர்னால்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

"அருமை. அப்போ மேனேஜர்லேர்ந்தே ஆரம்பிப்போம். இர்மாவும் அந்த வேலைக்குக் கேட்டிருக்காங்க. நம்ம நல்ல பையன்களையெல்லாம் முதல்ல கண்டுபிடிச்சது யாருன்னு ஊருக்கே தெரியும். கை தூக்குங்க."

கார்னெட்டுக்காக உயர்ந்தது ஒரே கை. அவருடையது.

வீடு வந்ததும் கார்னெட் நேரே அடுப்படிக்குப் போனார். இர்மாவிடம் கேட்டார்.

"வாசிலிக்கை எடுப்பியா?"

"கோல்கீப்பரை எடுப்பேன்."

"அப்போ அந்த விதி?"

"அது நீ பேசினது. நான் எப்பவும் தேவைதான் பார்ப்பேன்."

"எனக்கு அணியில இனி எதுவுமே இல்லையா, இர்மா?"

அவள் ஆணியில் தொங்கிய சாவியைக் காட்டினாள்.

"டீம் பஸ் டிரைவர் வேலையை விட்டு நின்னுட்டார். அதுக்கு நான் திறமையெல்லாம் பார்க்கலை."