அம்மாவின் குரலுக்கு நான் செய்த பிரீஅம்ப்

தனியாக இருக்கிறவன் தன் மூளையை எங்கேயாவது கட்டிப்போட வேண்டும். இல்லாவிட்டால் அது அவனையே மேய்ந்துவிடும். நான் என் மூளையை ஒரு பிரீஅம்பில் கட்டிப்போட்டேன். அது கட்டை அறுத்துக்கொண்டு செய்த அட்டகாசத்தைத்தான் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. யாழ்ப்பாணத்துக் கொக்குவில் வீட்டில் நான் மட்டும். அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கென்று கொழும்புக்குப் போன அம்மா, சண்டையால் பாதை பூட்டியதும் அங்கேயே தங்கிவிட்டார். ஆளில்லாத வீடு நமக்கு மிஞ்சாது என்பது அப்போது ஊரெல்லாம் சொன்ன நியாயம். அதனால் இருபத்துநான்கு வயதில் எனக்குக் கிடைத்த உத்தியோகம், வீட்டுக்கு ஆளாக இருப்பது. (சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.) ஒரு வேளை சமைத்து மூன்று வேளை சாப்பிட்டேன். சில நாட்களில் பொழுதுபடும்வரை வாயிலிருந்து ஒரு சொல் வந்திருக்காது. குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கக் கிணற்று வாளியோடு கதைப்பேன்.

பிரீஅம்ப் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: கசெற்றிலிருந்து எடுக்கும் ஒலி மிக மிக மெல்லியது. அதைப் பெரிய அம்ப்ளிபயரிடம் கொடுக்குமுன், பழுதுபடாமல் வளர்த்துக் கொடுக்கும் சிறிய பெட்டி அது. அங்கே ஓர் இரைச்சல் புகுந்தால் கடைசிவரை கூடவே வரும். வெளிநாட்டில் இதைச் செய்கிறவர்கள் மின்சாரக் கம்பியிலிருந்து வரும் உறுமலை ஒழிக்கப் படாத பாடு படுவார்களாம். எங்களுக்கோ மூன்று வருடமாக மின்சாரமே இல்லை. ஆகவே உலகத்தின் மிகச் சுத்தமான பிரீஅம்ப் யாழ்ப்பாணத்தில்தான் பிறக்க முடியும் என்று மனதார நம்பினேன். (மறுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லாததால் நம்பிக்கை நாளுக்கு நாள் வலுத்தது.)

செத்த றேடியோக்களிலிருந்து ரான்சிஸ்ரர்களைக் கழற்றினேன். செப்புக் கோலை அடுப்புத் தணலில் காய்ச்சி ஈயம் பற்றவைத்தேன். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த எங்கள் ரேப் ரெக்கோடரைப் பிரித்து, அதன் சொந்தப் பிரீஅம்பைத் தரமில்லை என்று பிடுங்கிப் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் கசெற் வந்தது. பாதை பூட்டியபின் மிஞ்சிய ஒரே வழியான கிளாலிக் கடலேரியைப் படகில் தாண்டி வந்த ஒருவர் மடிக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்தார். ‘வீட்டைப் பூட்டிவிட்டு நானும் அங்கே வரட்டுமா?’ என்று நான் எழுதிக் கேட்டதற்கு அம்மாவின் பதில் அது. சுற்றியிருந்த தாளில், ‘ஞானம் மாமியாக்களுக்கும் போட்டுக் காட்டு’ என்று எழுதியிருந்தார்.

அடுத்த வீட்டு ஞானம் மாமியின் ரேப் ரெக்கோடரில் அன்றைக்கே போட்டுக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அம்மாவின் குரலைக் கண்ட கண்ட பெட்டியில் கேட்பதா, என் பிரீஅம்ப் முடியட்டும் என்று பதினொரு நாள் அதை மேசையில் வைத்திருந்தேன். உண்மையில் எனக்குப் பயம். ‘வராதே’ என்று சொல்லியிருந்தால் அதைத் தனியாக இருந்து கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அரங்கேற்றம். அன்று காலையில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. உள்ளே வரும் வழியில் ஒரு கொண்டென்சர் இருந்தது. ஒலியை உள்ளே விட்டு, பெட்டியின் மின்னோட்டம் திரும்பிக் கசெற் பக்கம் போகாமல் மறிக்கிற காவல்காரன் அது. அம்மாவின் குரலுக்கும் எனக்கும் நடுவில் ஒரு காவல்காரன் எதற்கு என்று கழற்றிவிட்டுக் கம்பியை நேரே இணைத்தேன். ஒரு முருகன் பாட்டுக் கசெற்றை ஒரு நிமிடம் போட்டுப் பார்த்தேன். தேன்!

ஞானம் மாமி, அவருடைய புருஷன் ஸ்டேசன் மாஸ்டர் மாமா (றெயில் நின்று மூன்று வருடமாகியும் பட்டம் நிற்கவில்லை), சைக்கிள் கடை இராசன் அண்ணை, மூவரும் வந்து விறாந்தையில் இருந்தார்கள். மின்சாரத்துக்கு வழக்கம்போல் சைக்கிள் டைனமோதான். அதன் கரகரப்பு என் பிரீஅம்புக்கு ஆகாது என்பதால் நீளமாகக் கம்பி இழுத்து, சைக்கிளைக் கிணற்றடியில் தலைகீழாக நிறுத்தியிருந்தேன்.

“தம்பி, நான் சுத்திறன். நீ இருந்து கேள்,” என்றார் இராசன் அண்ணை.

“வேண்டாம் அண்ணை. ஒரே சீராய்ச் சுத்தவேணும். அது எனக்குத்தான் தெரியும்.”

பிறகு ஆறுதலாக நான் மட்டும் இருந்து கேட்கலாம் என்பது என் திட்டம். அரை மணித்தியாலம் பெடலைக் கையால் சுற்றினேன். எனக்குக் கேட்டதெல்லாம் சங்கிலிச் சத்தமும் என் மூச்சும்தான். கை கழன்றுவிடும் போலிருந்தபோது இராசன் அண்ணை பின்பக்கமாக எழுந்து வந்தார். என்னைப் பார்க்காமல் கிணற்றுக்குள் பார்த்தார்.

விறாந்தையிலிருந்து மாமா சத்தமாக, “முன்னாலை நிண்டு கதைக்கிற மாதிரியெல்லோ கிடக்கு!” என்றார். என் வாழ்க்கையின் உச்சம் அது. ஏறக்குறைய நாலு நிமிடம் நீடித்தது.

இராசன் அண்ணையிடம் பெடலைக் கொடுத்துவிட்டு ஓடிவந்து, கசெற்றைப் பின்னுக்குச் சுற்றி முதலிலிருந்து போட்டேன். ‘ஸ்ஸ்ஸ்’ என்றது. திருப்பிப் போட்டேன். ‘ஸ்ஸ்ஸ்.’ முருகன் பாட்டைப் போட்டேன். நான் கேட்ட அந்த ஒரு நிமிடத்தை மட்டும் முருகனும் ‘ஸ்ஸ்ஸ்’ என்றார். அப்போதுதான் விளங்கியது. காவல்காரன் இல்லாத வழியால் மின்னோட்டம் திரும்பிப் போய், கசெற் நாடாவை வாசிக்கிற காந்தத் தலையையே அழிக்கிற தலையாக்கிவிட்டது. அம்மாவின் குரல் ஒலித்த கையோடே அழிந்துகொண்டும் போயிருக்கிறது. அதற்கு மின்சாரம் சுற்றிக் கொடுத்தவன் நான்.

“மாமி, அம்மா என்ன சொன்னவ?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“உன்னை உடனை வெளிக்கிட்டு வரட்டாம்.”

“ஆர் சொன்னது?” என்றார் மாமா. “வீட்டை விட்டு அசையாதை எண்டெல்லோ சொன்னவ. எனக்கென்ன காது கேக்காதோ?”

“காது கேட்டிருந்தால் அந்த நாளையிலை றெயில் ஏன் பிந்தினது?”

இருவரும் சண்டை பிடித்தபடியே வீட்டுக்குப் போனார்கள். கிணற்றடியில் இராசன் அண்ணை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோ.”

“எனக்குச் சொல்லெல்லாம் ஞாபகமில்லை தம்பி. கடைசியிலை அவ அழுதவ. அதுதான் நான் எழும்பி வந்திட்டன்.”

மாமிக்கு மூன்று மகன்மார், மூவரும் வெளிநாட்டில். பிள்ளை என்றால் தாயிடம் போகவேண்டும் என்பது அவர் கட்சி. நானும் போய்விட்டால் வேலிக்கு மேலால் கதைக்க மாமாவுக்கு ஆளில்லை. இதெல்லாம் இப்போது விளங்குகிறது. அப்போது மாமா சொன்னதையே நம்பினேன். அதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை, இருந்த இடத்தில் இருந்தால் போதும். குரலை அழித்துவிட்டேன் என்று எழுத வெட்கம். ‘அன்புள்ள அம்மா, கசெற் கிடைத்தது. நீங்கள் சொன்னபடியே செய்கிறேன்’ என்று எழுதி அனுப்பினேன். எந்தப் பதிலுக்கும் பொருந்துகிற வசனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பிறகு அம்மாவும் அந்தக் கதையை எழுதவில்லை, நானும் எழுதவில்லை.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கி ஊரே வெளிக்கிட்டபோது நானும் வெளிக்கிட்டு, ஒருவழியாகக் கொழும்பு போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். மிகவும் மெலிந்திருந்தார்.

“வா எண்டு சொன்னன். சொன்னபடியே செய்யிறன் எண்டு எழுதி ரண்டு வருசம். எந்தப் பாதையாலை வந்தனி?”

அவ்வளவு காலமும், தன் அழுகையை நான் கேட்டும் வராமல் இருந்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார். அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அடித்தார். பிறகு சிரித்தார்.

இப்போது ரொறன்ரோவில் என் பிள்ளைகளிடம் குப்பையைக் கொண்டுபோய்ப் போடச் சொன்னால், “சொன்னபடியே செய்யிறம் அப்பா” என்றுவிட்டு அசையாமல் கிடப்பார்கள். வீடே சிரிக்கும். அம்மாதான் எல்லோரையும்விடக் கூடச் சிரிப்பார். ஆனால் அந்தக் கசெற்றில் வேறு என்ன சொன்னீர்கள் என்று கேட்டால் மட்டும், “அப்ப கேட்டிருக்கவேணும்” என்பார்.