மரியாதையாகப் போன சித்திரம்

நாகரிகம் என்பது ஈரானில், எங்கள் இஸ்ஃபஹான் நகரில் பிறந்தது. தற்சமயம் எங்கள் அருங்காட்சியகத்தில் அரசு ஊழியம் பார்த்து வருகிறது. அங்கே பதிவு எழுத்தராக இருப்பவன் என்ற முறையில் இதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

ஒரு பொருளை ஒருவர் புகழ்ந்தால் "உங்களுக்கே" என்று நீட்டுவோம். அவர் "ஐயோ, வேண்டாம்" என்பார். சட்டை முதல் வீடு வரை இப்படித்தான் நீட்டுகிறோம். இதுவரை ஒரு சட்டைப் பொத்தான்கூடக் கைமாறியதில்லை.

போன செவ்வாயன்று துணை அமைச்சர் விஜயம் செய்தார். மசியும் பொன்னும் கொண்டு வரைந்த நானூறு வருஷச் சித்திரம் ஒன்றைக் காட்டினோம். தலைப்பாகை அவிழ்ந்தது தெரியாமல் தூங்கும் ஒரு வாலிபன். இடுப்புக் கச்சை மட்டும் பொன். இருபது வருஷமாக அதைப் பாதுகாப்பவர் மஹ்லகா கானும் ('கானும்' என்றால் எங்கள் பக்கம் 'அம்மையார்'). அதற்கு வெளிச்சம் ஆகாது என்று மங்கிய விளக்கிலேயே உட்கார்ந்து தன் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்.

"பிரமாதமா இருக்கே!" என்றார் துணை அமைச்சர்.

இயக்குநர் ஸர்ராபி மார்பில் கைவைத்துக் குனிந்தார். "உங்களோடதுதான் ஐயா. எடுத்துக்குங்க."

அமைச்சர் மறுப்பதற்காக அனைவரும் புன்னகையுடன் காத்திருந்தோம்.

"நீங்க இவ்வளவு சொல்றப்ப எப்படி மறுக்கிறது?" என்று சித்திரத்தைச் சட்டத்தோடு அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

இயக்குநருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் பண்பு விடவில்லை. "உங்க கையில இருந்தாத்தான் அதுக்கே பெருமை" என்றார். நான் ஓடிப்போய்க் கார் கதவைத் திறந்து பிடித்தேன்.

மஹ்லகா கானும் மட்டும் வழியை மறித்தார். "கீழ வைங்க ஐயா. அது இவரோட வீட்டுச் சொத்து இல்ல, தூக்கிக் கொடுக்கிறதுக்கு!"

"கானும்! விருந்தாளிகிட்ட பேசுற பேச்சா இது?" என்று இயக்குநர் பதறினார்.

"விடுங்க, ஏதோ பாசத்துல பேசுறாங்க" என்று பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டு அமைச்சர் காரில் ஏறினார்.

மறுநாள் அவசரக் கூட்டம். சித்திரம் "உயர்மட்ட ஆய்வுக்காக இடமாற்றம்" செய்யப்பட்டது. மஹ்லகா கானும் "விருந்தோம்பலில் குறைபாடு" காரணமாக நுழைவுச்சீட்டுக் கவுன்டருக்கு மாற்றப்பட்டார். இரண்டையும் என் அழகான கையெழுத்தில் நானே எழுதினேன்.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஷாபூர்?" என்று கேட்டார் அவர்.

"பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசுறது அழகா, கானும்?"

அவர் சித்திர அறையின் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைக் குறிப்பேட்டில் எழுத இடமில்லை.

நானூறு வருஷத்தில் எத்தனையோ படைகள் இந்த ஊரைச் சூறையாடின. எவன் கையிலும் அந்தச் சித்திரம் சிக்கவில்லை. காரணம் எளிது: அவர்களிடம் யாரும் மரியாதையாக நடந்துகொள்ளவில்லை.