இதய ஆபரேஷனுக்கு வந்தவர்

இன்டர்வியூவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, வெள்ளைச் சட்டையில், சரியாக நெஞ்சுக்கு மேல், காபி கொட்டியது.

'நான் ஒழுங்காக் குறி பார்த்துச் செஞ்ச முதல் காரியம்' என்று தன்னையே நொந்துகொண்டார் அவர்.

எட்டு வருடமாகத் தோல் பிரிவில் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட். டாக்டர் வருவதற்குள் நோயாளியை விசாரித்து, பரிசோதித்து, குறிப்பெழுதி வைக்கும் வேலை. பிறர் சொறிவதைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அரிக்கும். இதய அறுவைப் பிரிவுக்கு மாறுவதுதான் கனவு. இரண்டு முறை விண்ணப்பித்து, முதல் கேள்வியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டு திரும்பியவர். இந்த வருடத்தோடு வயது வரம்பும் முடிகிறது.

"இந்தத் தடவையாவது வாயைத் திறந்து பேசுங்க. வீட்டுல மட்டும் நல்லா நீளுது" என்று சொல்லித்தான் மனைவி அனுப்பியிருந்தாள்.

குழாயடியில் கறையைத் தேய்த்தார். காபி போகவில்லை. சட்டை முழுக்க நனைந்தது. நடந்தால் காயும் என்று ஐந்து மாடியையும் படியேறினார். ஈரத்தோடு வேர்வையும் சேர்ந்துகொண்டது. கறையைக் கையால் பொத்தியபடி, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, இன்டர்வியூ நடக்கும் இதயப் பிரிவுக்குள் நுழைந்தார்.

நர்ஸ் ஓடி வந்தார். "ஹார்ட் ஆபரேஷனுக்கு வந்தவர்தானே நீங்க?"

"ஆமாங்க."

"காலையிலேருந்து உங்களைத்தான் தேடிட்டிருக்கோம்! முதல்ல உட்காருங்க."

தன்னை ஒருவர் தேடினார் என்பதே அவருக்குப் புதிது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சட்டையைக் கழட்டுங்க."

கறைப் பிரச்சினை தீர்ந்தது! நோயாளியின் கஷ்டம் புரிகிறதா என்று சோதிக்கும் புது மாதிரி இன்டர்வியூ போலிருக்கிறது என்று தானே முடிவு கட்டிக்கொண்டு, கொடுத்த அங்கியைப் பணிவாக மாட்டிக்கொண்டார்.

"பயமா இருக்கா?"

"பயமா? எட்டு வருஷமா இதுக்காகத்தான் காத்திட்டிருக்கேன்."

"அடக் கடவுளே! இவ்வளவு நாளா தள்ளிப் போட்டீங்க?"

"நான் எங்க தள்ளினேன்? இங்கதான் ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க."

நர்ஸின் கண் கலங்கியது.

இ.சி.ஜி. எடுக்க ஒருவர் வந்தார். திறமையைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது?

"நாலாவது வயரைக் கொஞ்சம் கீழ ஒட்டுங்க."

"பழக்கப்பட்டவர் போல. எத்தனை தடவை எடுத்திருக்கீங்க?"

"கணக்கே இல்லைங்க!"

துடிப்பு நூற்றிருபதைக் காட்டியது. அடக்கிக் காட்டுகிறேன் என்று மூச்சைப் பிடித்தார். நூற்று நாற்பதானது. வயர் ஒட்டியவர் டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

வந்த டாக்டர் தாளைப் பார்த்தார். "நாளைக்குன்னு வெச்சிருந்தோம். வேண்டாம், இன்னிக்கே ஆபரேஷன்."

"இன்னிக்கேவா!" ஒரு கேள்விகூடக் கேட்காமல் வேலை! "நான் எந்தப் பக்கம் நிக்கணும், டாக்டர்?"

"நிக்கிறதா? நீங்க படுத்தா போதும்."

அதற்குள் நர்ஸ் சோப்பு நுரை தடவி, நெஞ்சின் ஒரு பக்கத்தை மழித்து முடித்திருந்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஐயோ, நான் நோயாளி இல்லைங்க! வேலைக்கு வந்தவன்!"

"கடைசி நேரத்துல எல்லாரும் இப்படித்தான் எதையாவது சொல்வாங்க" என்று நர்ஸ் தோளைப் பிடித்து அழுத்தினார்.

அவர் கால்சட்டைப் பையைத் துழாவி இன்டர்வியூ கடிதத்தை நீட்டினார். படித்த நர்ஸுக்கு முகம் வெளுத்தது. "அப்போ என் நோயாளி எங்கே?"

அவருக்கோ இன்டர்வியூ நேரம் தாண்டியிருந்தது. பாதி மழித்த நெஞ்சும், தொங்கும் வயர்களும், பின்பக்கம் பறக்கும் அங்கியுமாக நடைகூடத்தில் ஓடினார். பின்னாலேயே நர்ஸும் ஓடி வந்தார்.

இன்டர்வியூ அறையைக் கிளார்க் அம்மா பூட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கதவைத் திறங்க! நான் இன்னும் உள்ளயே போகல!"

கிளார்க் அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆள் எடுத்தாச்சுங்க, பதினஞ்சு வருஷமா ஹார்ட்டோடதான் போராடிட்டிருக்கேன்னு ஒருத்தர் சொன்னாராம், இவ்வளவு அனுபவம் வேற யாருக்கு இருக்குன்னு உடனே ஆர்டர் குடுத்துட்டாங்க!"